நாற்பது சென்டிமீட்டர்

பலகையின் மேல் யாரோ துண்டு போட்டிருந்தார்கள்.

ராங்கெல் மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். தீ எச்சரிக்கைப் பலகை என்பது சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டி. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் திரை, அதன் கீழே ஐந்து பொத்தான்கள், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு. அதைத் துணி காயப்போடும் கொடி என்று யாரும் நினைத்துவிட முடியாது. அதுவும் இது ஈரத் துண்டு இல்லை. இஸ்திரி போட்டு, ஓரத்தில் சிவப்பு நூலால் பூ வேலை செய்த வெள்ளைத் துண்டு. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி ஒருவர் நிதானமாக நின்று போட்டிருந்தார்.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு விடை ஒரு துண்டு.

மின்சாரம் போனால் இந்தப் பெட்டி பேட்டரியில் ஓடும். இருபத்துநான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. உள்ளே இருப்பதில் திரைதான் பெருந்தீனிக்காரன். அதைப் பட்டினி போட்டால் மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும். அதனால் பேட்டரியில் ஓடும்போது திரை அணைந்தே இருக்கும். யாராவது ஒரு மீட்டருக்குள் வந்து நின்றால் மட்டும், திரைக்கு மேலே கடுகளவு இருக்கிற சென்சார் அவரை உணர்ந்து விளக்கைப் போடும். ஆள் நகர்ந்ததும் அணைத்துவிடும். இது ராங்கெல் தானே யோசித்துச் செய்த ஏற்பாடு. கம்பெனியில் எல்லோரும் கைதட்டினார்கள். இருநூறு கட்டடங்களில் அது ஒழுங்காக வேலை செய்தது. மலைமேல் இருக்கிற இந்த ஸ்துதென் தோல் முதியோர் இல்லத்தில் மட்டும், பேட்டரி ஒன்பது மணி நேரத்தில் செத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் யாரோ ஒருவர் திரைக்கு முன்னாலேயே நின்றால்தான் கணக்கு அப்படி வரும்.

துண்டு! துண்டை ஆள் என்று நினைத்துக்கொண்டது சென்சார். அவன் கையை நீட்டினான்.

"துண்ட எடுக்காதீங்க, இஞ்சினியரே."

படிக்குக் கீழே ஸ்தோய்னா நின்றாள். இந்த இல்லத்தில் சமையல், கூட்டிப் பெருக்குதல், துவைத்தல் எல்லாம் அவள்தான். அறுபது வயதிருக்கும். ஒரு கையில் விறகுக் கூடை, மறு கையில் ஆவி பறக்கும் லிண்டன் பூ டீ. கம்பளிச் செருப்பு போட்டிருந்ததால் அவள் வந்த சத்தமே அவனுக்குக் கேட்கவில்லை.

"நீங்கதான் போட்டீங்களா, அக்கா?"

"நான்தான்."

"இத மூடக் கூடாதுன்னு அவ்வளவு பெருசா எழுதி அனுப்பினேனே. மூடினா பேட்டரி காலியாகும்."

"சாவு விழுந்த வீட்டுல கண்ணாடிய மூடாம விடலாமா? உங்க ஊர்ல விடுவாங்களா?"

விடமாட்டார்கள். அவன் அம்மா செத்தபோதும் அத்தைகள் முதல் வேலையாக அலமாரிக் கண்ணாடியைப் போர்வையால் மூடினார்கள். போகிற உயிர் தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போகாமல் நின்றுவிடும் என்பார்கள். அணைந்த திரை கறுப்புக் கண்ணாடிதான், முகம் பளிச்சென்று தெரியும். பெட்டியை வடிவமைத்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று நினைத்தபோது அவனுக்கு மறுபடி சிரிப்பு வந்தது.

"சரி, யாரு தவறிப்போனது?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே. அடுத்த சனிக்கிழமையோட ரெண்டு வருஷம்."

சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் படியேறி வந்து, டீயை ஜன்னல் திண்டில் வைத்தாள். அவள் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. மடியில் கனமிருப்பவனுக்குத்தானே வழியில் பயம். ராங்கெல் கருவிப் பையைத் திறந்து, தேவையில்லாத ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே மாடியில், மின்சாரம் இல்லாத ஒரு மாலையில், கிழக்குப் பக்கத்துத் துணி அறையில் தீப்பிடித்தது. நான்கு முதியவர்கள் செத்தார்கள். அன்று பணியிலிருந்த நர்ஸ் பராஷ்கேவாவும் செத்தாள். பணியில் தூங்கிவிட்டாள், பலகைக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஊரும் அதையே சொன்னது.

"நாப்பதாம் நாளு அஞ்சலித் தாள் ஒட்டினோம். அவ போட்டோ போட்டு, வாசக் கதவுல. மறுநாளே கிழிச்சுட்டாங்க. ஆறாம் மாசம் ஒட்டினோம், அதையும் கிழிச்சு, மூஞ்சியில எச்சி வேற. செத்தவங்களோட பிள்ளைங்கதான், வேற யாரு. அவங்களச் சொல்லியும் குத்தமில்ல." ஸ்தோய்னா விறகுக் கூடையை இறக்கி வைத்தாள். "இந்தத் தடவை ஒரு வரி சேத்து ஒட்டலாம்னு அவ மக சொல்லுது. 'அவள் தூங்கவில்லை'ன்னு. கம்பெனி எழுதிக் குடுத்தா போதும். மிஷினுக்குள்ள எல்லாம் பதிவாகும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? எரிஞ்ச பொட்டிய நீங்கதானே கழட்டிக்கிட்டுப் போனீங்க?"

"அதுல ஒண்ணும் இல்ல, அக்கா. எரிஞ்சு போச்சு. எதுவுமே இல்ல."

ஒரே மூச்சில் இரண்டு தடவை இல்லை என்றான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அது அவன் காதுக்கே கேட்டது.

"அன்னிக்கு நான் கீழ அடுப்படியில இருந்தேன்," என்றாள் ஸ்தோய்னா. "மேல டிக், டிக்னு ஒரு சத்தம். எவ்வளவு நேரம்! ஏதோ பல்லி சுவத்துல தட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம்தான் புகை வந்துச்சு."

"மரம் வெடிச்சிருக்கும்."

"இருக்கும்," என்று ஸ்தோய்னா பலகையின் பக்கம் திரும்பினாள்.

"பராஷ்கேவாவுக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடி போட வெக்கம். எதப் படிச்சாலும் மூக்கு ஒட்ட நின்னுதான் படிப்பா. இந்தா, இப்படி." ஸ்தோய்னா பலகைக்கு நேர் எதிரே, முக்கால் கைத் தூரத்தில் நின்று காட்டினாள். "இங்கதான் கெடந்தா. ரப்பர் செருப்பு உருகி தரையோட ஒட்டிக்கிச்சு. சுரண்டித்தான் எடுத்தோம்."

இதையெல்லாம் ஏன் இவள் இன்று சொல்கிறாள்? முன்னே மூன்று முறை வந்தபோது சூப் ஊற்றினாள், பனியைத் திட்டினாள், அவ்வளவுதான். கை கழுவப் போனபோது ராங்கெல் ஒன்றைக் கவனித்தான். குளியலறைக் கண்ணாடி திறந்தே இருந்தது. கூடத்துக் கண்ணாடியும் திறந்திருந்தது. சாவு வீடு என்றால் எல்லாக் கண்ணாடியையும் அல்லவா மூடுவார்கள்? இவள் இந்தத் திரையை மட்டும் மூடியிருக்கிறாள்.

ஆக, இது துக்கம் இல்லை, நாடகம். இவளுக்கு ஏதோ தெரியும். அல்லது தெரியாது, போட்டு வாங்கப் பார்க்கிறாள். மின்சாரம் போன நேரத்திலெல்லாம் திரைக்கு முன்னால் நின்று பேட்டரியைச் சாகடித்து, அவனை இந்த மலைக்கு வரவழைத்து, துண்டைப் போட்டுக் கதையைச் சொல்லி, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வயதான பெண் என்று ஏமாந்துவிடக் கூடாது.

சரி, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று முடிவு செய்தான். மின்கம்பி வேலைக்காக நான்கிலிருந்து எட்டு மணி வரை மின்சாரம் இருக்காது என்று வாசலில் அறிவிப்பு இருந்தது. மாடியில் இருந்த ஏழு முதியவர்களையும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு, விறகு அடுப்புப் பக்கமாக அழைத்துப் போகச் சொன்னான். எல்லோருக்கும் பின்னால் கைத்தடியோடு இறங்கிய மின்கோ கிழவர் அவன் முன்னே நின்று மூச்சு வாங்கினார்.

"இஞ்சினியரே, பையில பேட்டரி மிச்சம் இருந்தா என் முட்டியில ஒண்ணு போட்டு விடுங்க. இருபத்துநாலு மணி நேரம் வேணாம், பாத்ரூம் போய் வர வரைக்கும் ஓடினாப் போதும்."

"அடுத்த தடவை கொண்டாரேன், தாத்தா."

"அடுத்த தடவை பொட்டியே கொண்டாருவாங்க எனக்கு," என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஸ்தோய்னா கடைசியாக இறங்கினாள். இரண்டு படி போய்த் திரும்பினாள்.

"துண்ட எடுத்துட்டீங்க. சரி. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆளே இல்லாம அந்த வெளிச்சம் எரியுது, இஞ்சினியரே. நான் என் கண்ணால பாத்தேன். அது அணையுறப்ப கறுப்பாகுமில்ல, அப்ப அவ தன் மூஞ்சியப் பாத்துடக் கூடாது. அதுக்குத்தான் போட்டேன். பாக்குற மாதிரியா இருக்கும் அது?"

அவன் படிக்கட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாடிக்கு வர வேறு வழி கிடையாது.

படியேறி வந்ததும் எதிரே பலகை. அதற்கு வலப்பக்கம் மேற்கு வராந்தா, அங்கேதான் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். இடப்பக்கம் கிழக்கு வராந்தா. எரிந்த பகுதி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்தும் யாரையும் தங்க வைக்கவில்லை. கிழக்கு வராந்தாவின் கடைசியில், யாரும் ஒளிந்திருக்கக் கூடாதென்று அவனே பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பைப் பலகையோடு நீண்ட கம்பியால் இணைத்து உட்கார்ந்தான். பன்னிரண்டு அடி தூரத்தில் பலகை. அதன் தலைக்கு மேல், அவனே அச்சடித்து ஒட்டிய தாள்: முதலில் பலகையைப் படியுங்கள். படிக்காமல் எந்தக் கதவையும் திறக்காதீர்கள்.

பழைய பலகைக்கு மேலேயும் இதே தாள் இருந்தது. அன்று பயிற்சி கொடுத்ததும் அவன்தான். பயத்தில் ஓடி, தீ இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டால் புகை மொத்த மாடிக்கும் வரும். அதனால் கிழக்கா மேற்கா என்று பலகை சொன்ன பிறகே அசைய வேண்டும் என்றான். பராஷ்கேவா முன் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். ரோஜா வாசனைக் கிரீமை அடிக்கடி கையில் பூசிக்கொண்டாள். "பொத்தான அமுக்கினா திரும்ப எரியுமா, சார்?" என்று அவள் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. எரியும் என்றான்.

எரியாது. அந்தப் பழைய பலகையில், பேட்டரி நேரத்தில், திரை முப்பது வினாடி காட்டிவிட்டு அணைந்துவிடும். பொத்தான்கள் அதை எழுப்பாதபடி அவன்தான் பூட்டினான். சின்ன பேட்டரி போட்டால்தான் டெண்டர் கிடைக்கும் என்றார்கள். சோதனையில் இருபது நிமிடம் குறைந்தது. பொத்தானைப் பூட்டியதும் அந்த இருபது நிமிடம் கிடைத்தது. பயிற்சி கொடுத்தபோது அந்தப் பூட்டு போட்டாகவில்லை. போட்ட பிறகு யாரிடமும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

எரிந்த பெட்டியின் நினைவுச் சில்லு எரியவில்லை. அதை அவன் தனியாக, தன் மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தான். 17:12க்குத் தீ. முப்பது வினாடியில் திரை அணைந்தது. 17:13லிருந்து பொத்தான், பொத்தான், பொத்தான். ஆறு நிமிடத்தில் நாற்பத்தொரு தடவை. அவள் தூங்கவில்லை. தீப்பிடித்த ஒரு நிமிடத்துக்குள் வந்து, அவன் சொன்னபடியே நின்று, கிழக்கா மேற்கா என்று அந்தக் கறுப்புத் திரையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ராங்கெல் அந்த நாற்பத்தொரு வரியையும் அழித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, ஒரு வருடம் உழைத்து, ஆள் நின்றால் எரியும் திரையைக் கண்டுபிடித்தான். அதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டான்.

நான்கு மணிக்கு மின்சாரம் போயிற்று. கீழே குளிர்பெட்டியின் உறுமல் நின்றது, குழல் விளக்குகளின் ரீங்காரம் நின்றது. அவை நின்ற பிறகுதான் அவை இருந்ததே தெரிந்தது. பலகை ஒரு தடவை 'கிக்' என்றது, பச்சை விளக்கு மஞ்சளாயிற்று, திரை அணைந்தது. அடுப்புப் புகையும் வெங்காய வாசமும் படிக்கட்டுக் கதவின் இடுக்கு வழியாக மெல்ல ஏறி வந்தன. கீழே யாரோ இருமினார்கள், யாரோ சீட்டுக்கட்டைக் கலைத்தார்கள், மின்கோவின் குரல் ஏதோ வம்பு பேசியது, ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களிலிருந்து பனி பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. நாலரைக்கெல்லாம் ஜன்னல் கறுத்துவிட்டது.

அவன் பழைய பதிவுகளைத் திறந்தான். திரை எரிகிற நேரமெல்லாம் பத்து வினாடிக்கு ஒரு தடவை, முன்னால் இருக்கும் பொருளின் தூரத்தைச் சென்சார் எழுதி வைக்கும். செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து எல்லா வரியும் 2, 2, 2. துண்டு. இரண்டு சென்டிமீட்டர். நல்லது.

செவ்வாய்க்கு முன்னால் போனான்.

40. 41. 40. 40. 41. 40.

மூன்று வாரம். எத்தனை முறை மின்சாரம் போனதோ அத்தனை முறையும். போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பித்து, மின்சாரம் வருகிற வரைக்கும் 40, 41, 40. ஒரு தடவை பதினொரு மணி நேரம் மின்சாரம் இல்லை. பேட்டரி சாகிற வரைக்கும் ஒன்பது மணி நேரமும் அதே எண்கள்தான். அறுபது வயதுக்காரி ஒன்பது மணி நேரம் ஓர் இடத்தில் அசையாமல் நிற்க முடியுமா? சுவரோ தூணோ என்றால் 40 என்றே இருக்கும், மாறாது. இது ஒன்று கூடி, ஒன்று குறைந்து, மறுபடி ஒன்று கூடியது.

மூச்சு விடுகிற நெஞ்சு இப்படித்தான் கூடிக் குறையும்.

சென்சார் கோளாறு. வேறென்ன? தூசி, அல்லது ஈரம். பையில் புதிய சென்சார் இருந்தது. எழுந்து மாட்டிவிடலாம் என்று தலையை நிமிர்த்தினான்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

வராந்தாவில் யாரும் இல்லை. நீல வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது. திரையில் 'எல்லாம் சரி' என்ற இரண்டு சொற்கள். அவன் லேப்டாப்பைப் பார்த்தான்.

40.

41.

40.

ராங்கெல் எழுந்தான். சுவரோரமாக நடந்தான். பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டி, சென்சாரை மறைத்தான். லேப்டாப்பில் எண் 5 என்று மாறுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. வேலை செய்கிறது. கையை எடுத்தான். 40. புதிய சென்சாரை மாட்டினான். இரண்டு தடவை திருகாணி கீழே விழுந்தது. 40. திருகாணியை எடுக்கக் குனிந்தபோது வாசனை வந்தது. முதலில் ரோஜாக் கிரீம். இனிப்பாக, மலிவாக, கையில் பூசியவுடன் வருகிற வாசனை. அதற்கு அடியில் கரிந்த ரப்பர்.

கீழே ஸ்தோய்னாவின் குரல் கேட்டது. யாருக்கோ ரொட்டி வெட்டிக்கொண்டே திட்டினாள். ஆக, அவள் அங்கேதான் இருக்கிறாள். அவன் எவ்வளவோ ஆசைப்பட்டான், அவள் இங்கே இருக்க வேண்டும் என்று. இவள்தான், இந்தக் கிழவிதான் என்று கையைப் பிடிக்க வேண்டும் என்று.

அவன் பின்னோக்கியே நடந்து நாற்காலிக்கு வந்தான். திரையின் பக்கம் முதுகைக் காட்ட மனம் வரவில்லை. மணி 17:09. படிக்கட்டுக் கதவு பலகைக்கு நேர் எதிரே, நான்கடியில். சாவி பையில். அங்கே போக வேண்டுமென்றால் அந்த நீல வெளிச்சத்தின் நடுவே, அந்த நாற்பது சென்டிமீட்டருக்குப் பின்னால், உரசிக்கொண்டு போக வேண்டும்.

அவள் படிக்கிறாள். 'எல்லாம் சரி' என்பதை மூன்று வாரமாகப் படிக்கிறாள், நம்பவில்லை.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. நீங்க தூங்கல, பராஷ்கேவா, எனக்குத் தெரியும், நான்தான் அழிச்சேன். நாலு வார்த்தை. அஞ்சலித் தாளில் ஒரு வரி. சொன்னால் வேலை போகும், வழக்கு வரும், சிறைகூட வரலாம்.

அவன் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். லேப்டாப்பில் ஒரு கட்டளை. சென்சாரை நிறுத்து. திரையை அணை.

நீல வெளிச்சம் போயிற்று.

இருட்டு. லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் அவன் முழங்காலில். அதில் தூர எண் நின்றுவிட்டது. அவன் மூச்சை விட்டான். விட்ட மூச்சு முடியவில்லை, ஒரு புதிய வரி வந்தது.

17:13. பொத்தான்.

டிக்.

17:13. பொத்தான்.

டிக்.

அவன் மூடியை அறைந்து சாத்தினான். இப்போது எந்த வெளிச்சமும் இல்லை. சத்தம் மட்டும். பிளாஸ்டிக்கை விரல் நுனி அழுத்துகிற சத்தம். அவசரம் இல்லை. கோபமும் இல்லை. ஒழுங்காக, சொல்லிக் கொடுத்தபடி.

டிக். டிக்.

படிக்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"இஞ்சினியரே!" ஸ்தோய்னாவின் குரல். கதவுக்கு அந்தப் பக்கம். "அது என்ன டிக் டிக்னு? அதே சத்தம். கதவத் தொறங்க!"

டிக். டிக்.

"நீங்கதானே அமுக்குறீங்க? நீங்கதான்னு சொல்லுங்க!"

பதினேழு. பதினெட்டு. தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். நாற்காலி சாய்ந்தது. முதுகு இரும்புக் கதவில் இடித்தது. அந்தப் பக்கம் காலி அறைகள், கம்பி போட்ட ஜன்னல்கள். கதவு பூட்டியிருந்தது. அவன் பூட்டியதுதான்.

முப்பது. முப்பத்தொன்று.

ஸ்தோய்னா கதவைக் கையால் அறைந்தாள். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவனை இல்லை. "பராஷ்கேவா," என்றாள். "பராஷ்கேவா, நீயாம்மா?"

முப்பத்தொன்பது.

நாற்பது.

நாற்பத்தொன்று.

சத்தம் நின்றது.

நாற்பத்தொன்றுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பதிவில் இல்லை. அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. அவனுக்குத் தெரியாது.

ஒரு செருப்பு தரையிலிருந்து பிரிந்தது. பிசினில் ஒட்டியதை இழுப்பது போல, மெதுவாக. மறு செருப்பு. திரும்புகிறது. ஒட்டி, பிரிந்து. ஒட்டி, பிரிந்து. மேற்கே போகவில்லை.

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். குழந்தை மாதிரி. மூடினால் இல்லை என்று ஆகிவிடும் என்பது போல. ரோஜா. ரப்பர். புகை. பன்னிரண்டு அடி. எட்டு. நான்கு.

நின்றது.

முகத்துக்கு நேரே. தொடவில்லை. முக்கால் கைத் தூரத்தில், கிட்டப் பார்வைக்காரர்கள் நிற்கிற தூரத்தில், சூடான மூச்சு ஒன்று கூடிக் குறைந்தது. கூடிக் குறைந்தது. படிக்கப் பார்க்கிறாள்.

இருட்டாக இருக்கிறது அவளுக்கு.

பிறகு, மூடிய அவன் வலது இமையின் மேல், ஒரு விரல் நுனி வந்து பதிந்தது. பொறுமையாக, வலிக்காமல், அழுத்தியது.

எடுத்தது.

மறுபடி அழுத்தியது.